கன்மலைக் கச்சேரி

1978 பிப்ரவரி 13, திங்கள்

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகள் நாற்பத்திரண்டையும் இன்று திருத்தி முடித்தேன். தலைப்பு, 'எனது பொழுதுபோக்கு'. முப்பத்தொன்பது பேருக்குத் தபால்தலை சேகரிப்பதுதான் பொழுதுபோக்காம். தூத்துக்குடிக்கு அவ்வளவு தபால் வருவதாக எனக்குத் தெரியாது. ஒருத்தி மட்டும் தன் பொழுதுபோக்கு தூங்குவது என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை நான்கு இருந்தும் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன்.

என் பொழுதுபோக்கை நான் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. இதில் எழுதலாம். அடுத்தவர் நாட்குறிப்பைப் படிப்பது பாவம் என்று உறுதியாக நம்புகிறவர் அண்ணன்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். அண்ணன் துறைமுக ஆபீசிலிருந்து ஐந்தரைக்கு வருவார். அண்ணி இறந்துபோனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாலரையிலிருந்து ஐந்து மணிவரை இலங்கை வானொலியில் ஆங்கிலப் பாட்டு. ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது 'செவன்த் ட்ரம்பெட்' என்ற கொழும்புக் குழுவின் பாட்டு வரும். நாலு பையன்கள். டெரிக் என்பவன் பாடுவான், கித்தாரும் அவனே.

முப்பத்தேழு வயது, மணமாகாதவள், ஆங்கில ஆசிரியை, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் காரியதரிசி. மேற்படியாள் எலெக்ட்ரிக் கித்தார் கேட்டு அழுகிறாள் என்று தெரிந்தால் சபையில் எனக்காக விசேஷ ஜெபம் வைப்பார்கள்.

பிப்ரவரி 15, புதன்

தலைமையாசிரியை மே மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நானா, ஜீவமணி டீச்சரா என்று ஈஸ்டர் கழித்துச் சபைக் கமிட்டி தீர்மானிக்கும். எங்கள் சபைக் குருவான ஐயர்தான் பள்ளிக்கும் தாளாளர். வராந்தாவில் பார்த்து, "உபவாச நாளு, லெந்து காலத்துல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க டீச்சரம்மா, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார். நான் எப்போது ஜாக்கிரதையாக இல்லை? பதினாறு வருடமாக ஜாக்கிரதை ஒன்றைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

பிப்ரவரி 17, வெள்ளி

அண்ணன் ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். முழுக்க ஆங்கிலம். மார்ச் பதினொன்று, சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி, துறைமுக ஸ்டேடியம். அனுமதி இலவசம். ராக் கன்சர்ட். செவன்த் ட்ரம்பெட்.

அவர்கள் இங்கே வருகிறார்கள். ராமேஸ்வரம் கப்பல் ஏறி, இந்த ஊருக்கு.

நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டார்: "ஏளா இன்பம், கப்பல் கம்பெனிக்காரங்க ஸ்டேடியத்துல ஏதோ கூட்டம் நடத்துதாங்க. செவன்த் ட்ரம்பெட்னா ஏழாம் எக்காளம், வேதத்துல வர்றது, அது எனக்கே வெளங்குது. ராக்னா என்ன?"

வாய் தானாகச் சொன்னது. "கன்மலை."

"கன்சர்ட்னா?"

"பலபேர் கூடி, இசையோட நடத்துறது."

கன்மலை என்றால் பெரும்பாறை, வேதத்தில் கர்த்தருக்கே அந்தப் பெயர் உண்டு. பரீட்சையில் இரண்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு. "கன்மலைக் கூட்டம்" என்று அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "லெந்து காலத்துக்கு ஏத்த காரியந்தான். போறதுன்னா போயிட்டு வா."

நான் சொன்னது பொய்யா? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். இது வேறு ராக், ஆட்டுகிற ராக் என்று அவர் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்வார்களா?

சொல்வார்கள். என் மாணவி இப்படிச் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். ஆனாலும், போயிட்டு வா என்று சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம். ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஐயோ.

ஆராதனை முடிவில் ஐயர் அறிவிப்புகள் வாசித்தார். கல்யாண ஓலை, கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்தல், பிறகு: "கொழும்பிலிருந்து வருகை தரும் ஏழாம் எக்காள ஊழியக் குழுவினர் நடத்தும் கன்மலைக் கூட்டம், துறைமுக ஸ்டேடியத்தில். விசுவாசிகள் திரளாகக் கலந்துகொள்ளவும்."

அண்ணன் கமிட்டிச் செயலாளர். நோட்டீசை நேரே ஐயரிடம் கொடுத்திருக்கிறார். அது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது?

வெளியே வந்ததும் ஞானபாக்கியம் அக்கா பிடித்துக்கொண்டார். எங்கள் சங்கத்துத் தலைவி. ஐம்பத்தெட்டு வயது, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். "நம்ம சங்கமே போவோம், இன்பம். எல்லாரும் வெள்ளச் சேல. கம்பெனி பஸ்ஸுக்கு ஒங்க அண்ணன் ஏற்பாடு பண்ணுவாரு. நீ பேர எழுது."

பிப்ரவரி 20, திங்கள்

அறுபத்து மூன்று பெயர். எல்லாம் என் கையெழுத்தில்.

பிப்ரவரி 22, புதன்

நிறுத்திப் பார்த்தேன். ஞானபாக்கியம் அக்கா வீட்டுக்கு இதற்கென்றே போனேன்.

"அக்கா, அங்க சத்தம் ரொம்ப அதிகமா இருக்குமாம்."

"எக்காளம்னா பின்ன சத்தம் இருக்காதா?"

"ஆடக்கூடச் செய்வாங்களாம்."

"தாவீது ராசா ஆடலியாளா?"

"பசங்க முடியத் தோள்வரைக்கும் வளத்திருக்காங்க அக்கா."

அக்கா இதற்குக் கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. "சிம்சோனும் வளத்தாரு. தேவனுக்குப் பண்ணின பொருத்தனையா இருக்கும்" என்றார். காப்பி கொடுத்து அனுப்பினார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கம் போகாது. சங்கம் போகாவிட்டால் நானும் போக முடியாது. தலைமையாசிரியை நாற்காலியும் அத்தோடு போகும். மூன்றையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது? காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்று கூட்டத்துக்காக உபவாச ஜெபம். "ஊழியக்காரங்க பேர் தெரிஞ்சா பேர் சொல்லி ஜெபிக்கலாம்" என்று அக்கா சொன்னார். நான் யோசிக்காமல், டெரிக், பெர்சி, லயனல், ட்ரம்ஸ் வாசிக்கிற ஹென்றி என்று அடுக்கிவிட்டேன். டெரிக்குக்குப் போன மாதம் தொண்டைக்கட்டு என்று வானொலியில் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நோட்டீசில போட்டிருந்துச்சு."

இதற்கு எந்த அகராதியிலும் இடமில்லை. சுத்தமான பொய். அரைமணி நேரம் அறுபத்து மூன்று பெண்கள் சாப்பிடாமல் முழங்காலில் நின்று ஒரு ராக் பாடகனின் தொண்டைக்காக ஜெபித்தார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். நானும் விட்டேன், வேறு காரணத்துக்காக.

மார்ச் 3, வெள்ளி

ஆசிரியர் அறையில் ஜீவமணி டீச்சர் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, "ராக்னா கன்மலையா டீச்சர்? நான் கணக்குக்காரி, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது" என்று கேட்டாள். பல் தெரியாமல் சிரித்தாள். பதினொன்றாம் தேதி மெட்ராசில் ஒரு கல்யாணமாம், வர முடியாதாம். அங்கே கேட்டு வந்து சொல்கிறேன் என்றாள். யாரிடம் கேட்பாளோ.

மார்ச் 10, வெள்ளி

நாளைக்கு. எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை என்று காலையில் நினைத்தேன். சாயங்காலம் லேசாகத் தும்மல் வந்ததும் பதறிப்போய் மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்தேன். இதிலிருந்தே என் மனசு எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

மார்ச் 12, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

ஸ்டேடியம் என்று பேர்தானே ஒழிய, ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுப் படி கட்டியிருக்கிறார்கள். மற்ற மூன்று பக்கமும் உப்பளம். படி முழுக்கக் கல்லூரிப் பையன்கள், கப்பல்காரர்கள். எங்கள் பஸ் இரண்டும் போய் நின்றன. வெள்ளைச் சேலை கட்டிய அறுபத்து மூன்று பெண்கள், கையில் வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் பாயும். பின்னாலேயே ஆண்கள், அண்ணன், முன்னால் ஐயர் வெள்ளை அங்கியில்.

டை கட்டிய விழா நிர்வாகி ஒருவர் ஓடிவந்தார். மறியலுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். "அம்மா, தயவுசெஞ்சு பிரச்சினை வேண்டாம், எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்று கும்பிட்டார். மேடைக்கு நேர் முன்னால் பாயை விரித்தோம். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். எனக்கு வாழ்நாளில் கிடைக்காத இடம் கிடைத்தது. கையை நீட்டினால் ஒலிபெருக்கியைத் தொடலாம்.

மேடையில் புகை வர ஒரு யந்திரம் வேண்டுமாம். அது வழியில் எங்கோ தங்கிவிட்டதால், நிர்வாகி நாலு மூலையிலும் சட்டியில் நெருப்புப் போட்டுச் சாம்பிராணியைக் கொட்டினார். அன்றைக்கு முழுவதும் எங்கள் பெண்களுக்கு வந்த ஒரே சந்தேகம் அப்போதுதான் வந்தது. ஞானபாக்கியம் அக்கா மூக்கை உறிஞ்சினார். "சாம்பிராணி போடுதாங்களே. ஆர்.சி.யோ?"

கத்தோலிக்கர்களோ என்ற அந்தக் கேள்வி பாய்வரிசை முழுக்கப் பரவியது. "இலங்கையில நம்ம சபையிலயும் போடுவாங்க" என்று ஐயர் திரும்பிச் சமாதானம் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

புகைக்குள்ளிருந்து டெரிக் வந்தான். வானொலியில் கேட்டு நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். தோள்வரை முடி, கால்சட்டை கீழே அகலமாக, மேலே இறுக்கமாக. "ஹலோ டூட்டிகோரின்" என்றான். படிக்கட்டில் விசில் பறந்தது. எங்கள் பாயில் ஒரு சத்தமும் இல்லை. கன்வென்ஷன் என்கிற எழுப்புதல் கூட்டங்களில் பேச்சாளர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், தமிழில் வரும்வரை காத்திருப்பதுதான் எங்கள் வழக்கம். காத்திருந்தார்கள். டெரிக்கும் காத்திருந்தான்.

ஐயர் எழுந்தார். "மொழிபெயர்ப்பாளர் போட மறந்துட்டாங்க போலிருக்கு. டீச்சரம்மா, ஏறுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளினார். மேடைமேல் நிற்கிறேன். டெரிக் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், நீங்கள் போலீசா என்று கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என்றேன். எதற்கு என்றான். இந்த ஊரில் இது வழக்கம் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு மைக்கைப் பாதியாகப் பங்கு கொடுத்தான்.

எல்லாரும் தயாரா என்று கேட்டான். "ஆயத்தமாயிருக்கிறீர்களா?" என்றேன்.

"ஆமென்" என்று பாய் முழுக்க ஒரே மூச்சில் வந்தது. டெரிக் ஓரடி பின்னால் போனான். கொழும்பில் இப்படி யாரும் சொன்னதில்லை என்று ஹென்றியிடம் சொன்னான். ஹென்றி ட்ரம்ஸை அடித்தான். எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. காது மட்டும் கேட்பதில்லை, பல் கேட்கிறது, முழங்கால் கேட்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த பாட்டு தன்னை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன ஒருத்தியைப் பற்றியது என்றான். "வழிதவறிப்போன ஓர் ஆத்துமாவைப் பற்றி" என்று நான் சொன்னேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குள் படிக்கட்டுப் பையன்களுக்கும் விஷயம் பிடித்துப்போய், ஒவ்வொரு தடவை ட்ரம்ஸ் நின்றபோதும் ஸ்டேடியமே ஆமென் என்றது. மூன்றாவது பாட்டில் எல்லாரும் கையைத் தூக்குங்கள் என்றான். இதில் மாற்ற எதுவும் இல்லை, அப்படியே சொன்னேன். பாய் முழுக்க, படிக்கட்டு முழுக்கக் கைகள். கன்வென்ஷனில் கை தூக்கினால் மனந்திரும்பியதாக அர்த்தம். ஐயர் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கிவிட்டார்.

பிறகு டெரிக் கேட்டான்: இதற்கு முன் எங்கள் பாட்டைக் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா?

மொழிபெயர்த்தேன். ஒருவரும் கை தூக்கவில்லை. படிக்கட்டில்கூட இல்லை. அவன் முகம் சின்னப்பையன் முகமாக மாறியது. கடல் தாண்டி வந்து, தன்னை யாரென்றே தெரியாத கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்த கையை எடுத்து மேலே தூக்கினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பாட்டு என்று கேட்டான். 'தகரக் கூரை' என்றேன். அவர்களுடைய முதல் ரிக்கார்டின் பின்பக்கத்துப் பாட்டு, வானொலியில் நாலு தடவைதான் வந்தது. டெரிக் சிரித்தான், கித்தாரை மாற்றி மாட்டிக்கொண்டு எனக்கு ஒரு வணக்கம் வைத்தான். வாசித்தான். எனக்காக.

அழுதேன். முந்நூறு பேருக்கு முன்னால், மேடையில் நின்று, மூக்கு ஒழுக அழுதேன். பாட்டு முடிந்ததும் இனிமேல் பொய் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. மைக்கில் சொன்னேன்: "எல்லாரும் கேளுங்க. இது கன்மலைக் கூட்டம் இல்ல. இவங்க ஊழியக்காரங்க இல்ல. இது பாட்டுக்காரங்க கச்சேரி. எனக்கு மொதல்லயே தெரியும். நான்தான் ஏமாத்தினேன்."

சொல்லிவிட்டேன். கால் லேசாகிவிட்டது. கீழே சேலைகள் எழுந்திருக்கும், பாய்களைச் சுருட்டுவார்கள் என்று பார்த்தேன்.

ஞானபாக்கியம் அக்கா பக்கத்திலிருந்தவளிடம் விளக்கியது மேடைவரை கேட்டது. "உவமையாச் சொல்லுதா."

"ஆமென்" என்றது ஸ்டேடியம். ஹென்றி மறுபடி அடித்தான்.

மார்ச் 14, செவ்வாய்

ஐயர் பேராயருக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். உயர்த்தப்பட்ட கரங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. எங்கள் சபையில் ஒரே நாளில் இவ்வளவு இதுவரை கிடையாதாம். என் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறாராம், 'அபிஷேகம் நிறைந்த மொழிபெயர்ப்பு' என்று.

அண்ணன் மூன்று நாளாகத் தேவைக்குமேல் பேசவில்லை. அவர் சாதாரணமாகவே தேவைக்குமேல் பேசுகிறவர் இல்லை. ஆகையால் கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மார்ச் 20, திங்கள்

ஜீவமணி டீச்சர் மெட்ராசில் கேட்டு வந்துவிட்டாள். கமிட்டிக்கு எழுத்து மூலம் புகார்.

மார்ச் 24, பெரிய வெள்ளி

மும்மணித் தியானத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னென்ன சொல்வது என்று யோசித்தேன். இரண்டே வழி. ராக் என்றால் கன்மலை என்றுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். அப்படியென்றால் பதினாறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவளை எப்படித் தலைமையாசிரியை ஆக்குவது? தெரிந்தே சொன்னேன் என்றால் பொய்க்காரி, அவளையும் எப்படி ஆக்குவது? முட்டாளா, பொய்க்காரியா என்று நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பொய்க்காரி என்று முடிவு செய்தேன். முட்டாள் என்று சொல்ல மனம் வரவில்லை. பெரிய வெள்ளியில்கூட எனக்கு இந்தத் திமிர்.

மார்ச் 28, செவ்வாய்

விசாரணை. ஐயர், அண்ணன், கமிட்டியில் ஐந்து பேர். ஜீவமணி டீச்சர் மூலையில் ஒரு நாற்காலியில்.

நான் எழுந்து, "தெரிஞ்சேதான் சொன்னேன். தப்புத்தான்" என்றேன்.

"இல்ல" என்றார் ஐயர்.

நான் விழித்தேன். ஐயர் தொண்டையைக் கனைத்தார். "டீச்சரம்மா தாழ்மையில பேசுறாங்க. ராக் என்பதற்குக் கன்மலை என்றுதான் எந்த அகராதியிலும் இருக்கு. நான் பார்த்துட்டேன். கரங்கள் உயர்ந்தது உண்மை. நானே எண்ணினேன். பேராயர் பதில் எழுதியிருக்காரு, மற்ற சபைகளுக்கும் இது முன்மாதிரின்னு."

"ஐயா, அவங்க பாடினது ஒரு பொம்பளயப் பத்தி."

"வழிதவறிப்போன ஆத்துமான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னது பொய்."

"நீங்க அப்படிச் சொல்லக்கூடாது."

ஜீவமணி டீச்சர் வாயைத் திறந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் பேச்சைக் கேட்டால் பேராயருக்கு மறு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் மறுக்கிறார்கள். அரைமணி நேரம் இந்தக் கூத்து. கடைசியில் தீர்மானம்: ஏப்ரல் எட்டாம் தேதி சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் காரியதரிசி அறிக்கை வாசிக்கும்போது, 'கன்மலைக் கூட்டம் ஆசீர்வாதமாக நடந்தேறியது' என்று எழுதி வாசித்துக் கையொப்பமிட வேண்டும். அத்தோடு விஷயம் முடிந்தது. பத்தாம் தேதி தலைமையாசிரியை நியமனம்.

வெளியே வரும்போது ஐயர் மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு வரிதான் டீச்சரம்மா. நீங்க அண்ணன்கிட்ட சொன்ன அதே வார்த்த."

ஏப்ரல் 5, புதன்

ஒரு வரி. நாலு தடவை எழுதினேன். கையெழுத்து அழகாக வருகிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நாற்காலி வேண்டாமா உனக்கு? வேண்டும். மரநாற்காலி, கைப்பிடி வைத்தது, பின்னால் ஜன்னல். ஜீவமணி அதில் உட்கார்ந்து எனக்குக் கால அட்டவணை போடுவதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் மேடையில் நின்று அன்றைக்கு ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதை உவமை என்று தள்ளினார்கள். இப்போது நானும் என் கையாலேயே உவமை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தச் சாயங்காலம் எனக்கு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். டெரிக் எனக்காக வாசித்தது ஒரு ஊழியக் குழுவின் பாமாலையாகிவிடும். அது மட்டும் முடியாது. சத்தியமா முடியாது.

ஏப்ரல் 8, சனி

வாசித்தேன். நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியது இதுதான்:

'மார்ச் பதினொன்றாம் தேதி சங்கத்தார் அறுபத்து மூன்று பேர் ராக் கச்சேரிக்குச் சென்றோம். இந்த ராக்குக்குக் கன்மலை என்று பொருள் இல்லை. காரியதரிசிக்கு இது முதலிலேயே தெரியும். தனியாகப் போக அனுமதி கிடைக்காது என்பதால் மறைத்தாள். உபவாசம் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இது உவமை அல்ல. கச்சேரி மிக நன்றாக இருந்தது. இப்படிக்கு, இன்பமணி, காரியதரிசி.'

கடைசிக்கு முந்திய வரியை வாசிக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முடிவு ஜெபம் சொல்ல வேண்டிய ஞானபாக்கியம் அக்கா ஜெபம் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். முப்பது வருடத்தில் இது முதல் தடவை என்று சொன்னார்கள்.

ஏப்ரல் 10, திங்கள்

ஜீவமணி டீச்சர்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஞானபாக்கியம் அக்கா வந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தெரிஞ்சே பொய் சொல்லியிருக்க."

"ஆமாக்கா."

"வயித்தக் காயப்போட்டு அந்தப் பய தொண்டைக்கு ஜெபம் பண்ண வச்சிருக்க."

"ஆமாக்கா. என்ன மன்னிச்சிருங்க. மொதல்லயே உண்மையச் சொல்லியிருக்கணும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சின்ன வகுப்புப் பிள்ளையிடம் விடை வராதபோது நான் பார்ப்பது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"கூறு கெட்டவளே" என்றார். "நீ உண்மையச் சொல்லியிருந்தா நாங்க எப்பிடிளா வந்திருப்போம்?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். பாட்டு முடிந்து செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 5, திங்கள்

பள்ளி திறந்தது. ஜீவமணி எனக்கு வாரத்தில் ஐந்து நாளும் கடைசிப் பீரியட் போட்டிருக்கிறாள். நாலு மணிக்கு முன்னால் ஒருநாளும் கிளம்ப முடியாது. கணக்குக்காரி. சங்கத்துக் காரியதரிசி பதவியிலிருந்தும் என்னை எடுக்க ஐயர் சொன்னாராம். வேறு யாரும் எழுத முன்வராததால் எடுக்க முடியவில்லையாம். அறுபத்து மூன்று பேரில் ஒருத்திக்குமா எழுதத் தெரியாது?

ஜூலை 14, வெள்ளி

திருச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நாளைக்கு வேறொரு குழுவின் கச்சேரி. பேப்பரில் பார்த்தேன். ராத்திரி மலைக்கோட்டைப் பக்கம் ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், எழுதிக் கேட்டுவிட்டேன்.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன், திருச்சி போகிறேன் என்று.

"கூட்டமா?"

"கூட்டம் இல்ல அண்ணே. ராக் கச்சேரி. நான் மட்டும் போறேன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்வதற்கு முன்னால் அவர் நிறுத்துவது இப்படித்தான். ஆகையால் எதுவும் தெரியவில்லை.

"பஸ் எத்தன மணிக்கு?"

"காலையில ஆறே காலுக்கு."

"ஆறே கால் பஸ்ஸுல நிக்கத்தான் எடம் கெடைக்கும். அஞ்சு மணிக்கு ஒண்ணு இருக்கு. அதுல போ."

அஞ்சு மணி பஸ்ஸில் போகிறேன்.